மூன்று மீற்றருக்கு இரண்டு மீற்றர்

சுவாமி,

அடுத்த வாரம் ஒரு பெண்மணி உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். முயல் காப்பகத்திலிருந்து பேசுவதாகச் சொல்வார். பதற வேண்டாம். நான் ஒரு முயல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். என்னை ஐந்து வருடமாவது அறிந்த, உறவினர் அல்லாத ஒருவரின் பெயரைத் தரச் சொன்னார்கள். உங்கள் பெயரைத் தந்துவிட்டேன். இந்த நாட்டில் வீடு வாடகைக்கு எடுப்பதைவிட முயல் எடுப்பது கஷ்டம். அந்த அம்மா தோர்ண்டன் ஹீத்துக்கே வந்து என் பின்னறையை நாடா பிடித்து அளந்தார், வயர்கள் எங்கே ஓடுகின்றன என்று குனிந்து பார்த்தார், பகலில் எத்தனை மணித்தியாலம் வீட்டில் இருப்பேன் என்று கேட்டார். எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்காலில் வருத்தம், பகல் முழுக்க வீட்டில்தான் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் வீட்டில் இருப்பதைக் கேட்டு ஒருவர் சந்தோசப்பட்டு கன காலம்.

சிபாரிசு செய்கிறவருக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அதோடு உங்களுக்கு ஒரு பதிலும் பாக்கி இருக்கிறது. ஓகஸ்ட் மாதம் மகள் பிறின்சியின் கல்யாண அறிவித்தல் ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தீர்கள், மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை. இந்த ஊரில் மற்றவர்கள் கைவிட்ட பிறகும் நம் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறோம். அதனால் ஒரு ஓலை பாதியில் நின்றால் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பூசை முடிந்து வாசலில் என் தோளைப் பிடித்து என்ன நடந்தது என்று கேட்டீர்கள். கடவுளுடைய சித்தம் என்றேன். அது முழுப் பதில் அல்ல.

இந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வருவேன். கடிதத்தில் எழுதியதுதான் என் பாவம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவேன். அதோடு இதுவும் இரகசியத்துக்குள் வந்துவிடும், நீங்கள் யாருக்கும் சொல்ல முடியாது. சட்டம் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அப்படி இல்லாவிட்டாலும் நீங்கள் அப்படித்தான் நடந்துகொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களை நான் பதினொரு வருடமாகப் பார்க்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடம் என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. குரோய்டனில் இருபத்திரண்டு வருடம் சாமான்கள் வைக்க அறை வாடகைக்கு விடும் கட்டடம் ஒன்றில் வேலை செய்தேன். வீட்டில் வைக்கவும் மனமில்லாத, வீசவும் மனமில்லாத சாமான்களைச் சனங்கள் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போகும். ஓடாத சைக்கிள், இறந்தவர்களின் கட்டில், திறக்காத கல்யாணப் பரிசு. எத்தனை அடிக்குள் எவ்வளவு அடங்கும் என்று கதவைத் திறந்ததும் கண்ணாலேயே சொல்வேன். சனங்களைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இல்லாமல் போனதும் அங்கேதான்.

என் வீட்டில் கீழே ஒரு பின்னறை இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்த யன்னல், காலை வெயில். என் மனுசி அஞ்சலீனா கடைசி எட்டு மாதமும் அங்கேதான் கிடந்தாள். நீங்கள் வந்து கடைசித் தைலத்தால் அவஸ்தை பூசியதும் அங்கேதான். அவள் போன பிறகு நான் கட்டிலைக் கீழே இறக்கினேன், மடு மாதா சுரூபத்தை யன்னலடியில் வைத்தேன், அது என் அறையாயிற்று. மேலே பிறின்சியின் அறையும், கொதிகலன் அலுமாரியோடு ஒரு சின்ன அறையும். ஏழு வருடம் நானும் மகளும் இப்படி இருந்தோம். அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. வந்து சாப்பிடுவாள், அன்று வந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்வாள், நான் கேட்பேன். யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. மிளகு என்று ஒரு சாம்பல் நிற முயல் வைத்திருந்தாள். பெட்டை. அது பின்னறையின் ஒரு மூலையில் கூட்டில் இருந்தது. எனக்கும் அதற்கும் பேச்சு இல்லை, சண்டையும் இல்லை.

பிறகு ஜெரோசன் வந்தான். மன்னார்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது ஹரோவில். கணினியில் ஏதோ வேலை. என்ன வேலை என்று மூன்று தடவை விளக்கினான், மூன்று தடவையும் தலையாட்டினேன். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். என்னோடும் தன் முயலோடும் ஒரே குரலில் பேசுவான். அந்த முயலுக்குப் பெயர் பிஸ்கட். கடுவன், குட்டி பிறக்காதபடி நலமடித்தது, மண் நிறம், ஒரு காது தொங்கியது. இறந்துபோன அவனுடைய தாய் வளர்த்தது. தாய் கடைசிக் காலத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் செபமாலை சொல்வாவாம். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை இதைச் சொல்லிக் கண்கலங்கினான். நான் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் செப்டெம்பரில். அப்பாவைத் தனியே விட மாட்டேன் என்று பிறின்சி சொன்னாளாம். ஆகவே மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருவதாக முடிவு. அதுவரைக்கும் சரி. ஆனால் முயல்கள் மனிதர் மாதிரி இல்லையாம், ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள வாரக்கணக்கு ஆகுமாம். அதற்கு ஒரு கையேடு இருந்தது, பன்னிரண்டு பக்கம், வழுவழுத்த தாள். மே மாதமே தொடங்க வேண்டும் என்று அதில் கணக்குப் பார்த்தார்கள். இப்படியாக மாப்பிள்ளைக்கு நாலு மாதம் முந்தி மாப்பிள்ளையின் முயல் குடிவந்தது.

கையேட்டை நானும் வாசித்தேன். இரண்டு முயலுக்கு ஆகக் குறைந்தது மூன்று மீற்றருக்கு இரண்டு மீற்றர் இடம், எந்த நேரமும் ஓடித் திரிய. எழுந்து நிற்க உயரம் வேண்டும். ஒளிக்க இடம் வேண்டும், அதற்கும் இரண்டு வாசல் வேண்டும். இதெல்லாம் பின்னறையில்தான் அமையும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவன் பேசினான்.

"அங்கிள், உங்களுக்குக் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ. நாங்கள் வேற வீடு பாப்பம், உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போவம். ஒரு அவசரமும் இல்லை."

நான் சிரித்தேன். "எடுங்கோ பிள்ளையள், எனக்கெதுக்கு அவ்வளவு இடம்" என்றேன். பிறின்சி எழுந்து வந்து என் தலையில் முத்தமிட்டாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் அறையை நானேதான் கொடுத்தேன். கேட்டார்கள்தான், ஆனால் இல்லை என்று சொல்லக்கூடிய விதத்தில் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு மேலே போனேன். எனக்கென்று விட்ட சின்ன அறை இரண்டு மீற்றர் நாற்பது, ஒரு மீற்றர் தொண்ணூற்றைந்து. கொதிகலன் அலுமாரியைக் கழித்தால் இன்னும் குறைவு. முயலுக்கு ஆகக் குறைந்தது என்று அச்சடித்த அளவிலும் குறைவு. அளவை ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த அறையும் உடனே கிடைக்கவில்லை. கையேட்டின்படி புது முயலையும் பழைய முயலையும் முதலில் கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும், முகம் தெரிய, மணம் தெரிய. பிறகு இரண்டுக்கும் பொதுவான, இரண்டும் முன்பு கால் வைக்காத ஒரு இடத்தில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று சந்திக்க விட வேண்டும். வீட்டுக்கு மூத்தது அந்த வீடு தன்னுடையது என்று நினைக்குமாம். அதன் எல்லைக்குள் புதிதைக் கொண்டுபோய் விட்டால் கடித்துக் குதறுமாம். எங்கள் வீட்டில் பொதுவான இடம் எது? மேலே இருந்த சின்ன அறை. ஆகவே பின்னறையில் முயல்கள் குடியிருந்தன, சின்ன அறையில் முயல்கள் சந்தித்தன, என் கட்டில் பின்னறையிலேயே கிடந்தது, நான் முன்னறைச் சோபாவில் படுத்தேன். இரண்டு முயல்கள் சிநேகிதமாவதற்கு ஒரு மனிதன் மூன்று மாதம் காலை நீட்டாமல் கிடந்தான். முயலுக்கு மனத்தாக்கம் வராமல் பார்க்க எட்டுப் பக்கம் எழுதிய கெட்டிக்காரர்கள் அந்த மனிதனுக்கு ஒரு வரி எழுதவில்லை.

பகலில் வீட்டில் இருப்பவன் நான். ஆகவே வேலையும் என் தலையில். காலையில் பிறின்சி புறப்படும்போது வாசலில் நின்று சொல்வாள்: "அப்பா, தட்டுகளை மாத்தி வைக்க மறக்காதேங்கோ." மிளகின் மூத்திரத் தட்டைப் பிஸ்கட்டின் பக்கமும், பிஸ்கட்டினுடையதை மிளகின் பக்கமும் வைக்க வேண்டும். ஒன்றின் மணம் மற்றதுக்குப் பழக வேண்டுமாம். நான் மாற்றி வைத்தேன். ஆனால் வினிகர் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு மாற்றி வைத்தேன். நாற்றமுள்ள தட்டை அஞ்சலீனா இருந்த அறையில் நான் எப்படி வைப்பேன்? சுத்தம் பாவம் அல்ல.

சந்திப்புகள் சரிவரவில்லை. முதல் இரண்டு தடவையும் சும்மா மணந்துவிட்டு விலகின. மூன்றாவது தடவை பிறின்சியின் முகத்தில் சந்தோசம். மிளகு தலையைத் தாழ்த்தியதாம், பிஸ்கட் அதன் நெற்றியை நக்கியதாம், அது ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாம். அன்று அவளும் ஜெரோசனும் படியில் இருந்து சிரித்துப் பேசியது கீழே எனக்குக் கேட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். அடுத்த நாளிலிருந்து பிறின்சி வேலைக்குப் போனதும் மிளகைத் தூக்கி மேலே சின்ன அறையில் விட்டேன். காலை முழுக்க அங்கே தனியே ஓடித் திரிந்தது, நாடியைச் சுவரில் தேய்த்தது, மூலையில் மூத்திரம் பெய்தது. பின்னேரம் கீழே கொண்டுவந்து வைத்தேன். பாவம், அதற்கும் காலாற வேண்டும்தானே. ஒரு கிழமையில் அந்த அறை மிளகின் அறையாயிற்று.

அதன் பிறகு பிஸ்கட்டை உள்ளே விட்டதும் மயிர் பறந்தது. பிறின்சி அடுப்புக் கையுறையோடு இடையில் பாய்ந்து பிரித்தாள். கையேட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். எங்கே பிழை விட்டேன் என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதினாள். அவன் ஹரோவிலிருந்து சனிக்கிழமை தோறும் ரயில் மாறி மாறி வந்து பக்கத்தில் இருந்து, மெதுவாகச் செய்வோம், கல்யாணம் முடிந்த பிறகும் செய்யலாம் என்றான். எனக்கு அங்கேதான் அவன்மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. சலித்துப்போய்த் தன் முயலைத் தூக்கிக்கொண்டு போவான் என்று எதிர்பார்த்திருந்தேன். இந்தக் காலத்துப் பொடியன்களுக்குக் கோபம்கூட வராது.

ஓகஸ்டில் நீங்கள் ஓலை வாசித்தீர்கள். முதலாம் ஓலை. இரண்டாம் ஓலை. தடையேதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்தபோது நான் வலப்பக்கம் மூன்றாம் வாங்கில் இருந்தேன். எனக்குத் தெரிந்த தடை ஒன்றே ஒன்று, என் சட்டைப் பையில் மடித்த தாளில் இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அடுத்த புதன்கிழமை பிறின்சிக்குக் காலை ஷிப்ட். புறப்படும் முன் இரண்டுக்கும் புல் வைத்தாள், நடுவிலிருந்த வலைக் கதவின் கொக்கியைப் போட்டாள், ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மருந்தகத்தில் வேலை செய்கிறவள், எதையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் விட மாட்டாள். அவள் போய் அரை மணித்தியாலம் கழித்து நான் பின்னறைக்குப் போனேன். மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். திரும்பும்போது கையைப் பின்னால் விட்டுக் கொக்கியைத் தட்டிவிட்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, பஸ் எடுத்து, உங்கள் பத்து மணி நவநாள் பூசைக்கு வந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், வாசிக்க ஆள் வராததால் முதல் வாசகத்தை நான்தான் வாசித்தேன். நன்றாக வாசித்ததாகச் சொன்னீர்கள்.

கடிபட்டால் அவன் முயலைத் திருப்பிக் கொண்டுபோவான் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை. பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அறை முழுக்க மயிர். மிளகு நடு அறையில் இருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது, ஒரு கீறலும் இல்லை. பிஸ்கட் என் கட்டிலுக்குக் கீழே மூலையில் கிடந்தது. வயிற்றில் கிழிந்திருந்தது. ஒளிக்கிற இடத்துக்கு இரண்டு வாசல் வேண்டும் என்று கையேடு சொன்னது ஏன் என்று அப்போது விளங்கியது. கட்டிலுக்கு அடியில் ஒரு வாசல்தான்.

மூச்சு இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது பாவசங்கீர்த்தனம் ஆகாது. மிருக வைத்தியர் இருப்பது மூன்று பஸ் தரிப்புத் தள்ளி; தொலைபேசி இலக்கம் கையேட்டின் பின்னட்டையில், பிறின்சியின் கையெழுத்தில், பெரிதாக. நான் கேத்திலைப் போட்டேன். தேத்தண்ணீர் ஊற்றிக் கதிரையில் இருந்து குடித்தேன். என் சொந்த அறையில், வெயிலில், மூன்று மாதத்துக்குப் பிறகு. ஒரு மணித்தியாலம் இருக்கும். பிறகு மூச்சு இல்லை. அப்போதுதான் மகளுக்குத் தொலைபேசி அடித்தேன்.

அவள் வேலையுடுப்போடு ஓடி வந்தாள். நிலத்தில் முழங்காலில் இருந்து அதை மடியில் எடுத்தாள். அழவில்லை. கன நேரம் கம்பிக் கதவையே பார்த்தாள். கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் கொக்கியைப் போட்டனானே?"

"நான் பாக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

இதைப் பற்றி நிறைய யோசித்தேன், சுவாமி. அது பொய் அல்ல. நான் கையைப் பின்னால் விட்டுத்தான் தட்டினேன். கொக்கியை நான் பார்க்கவே இல்லை.

ஜெரோசன் வந்தான். ஒரு துவாயில் சுற்றி எடுத்தான். பிறின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் நடக்கும், உன் பிழை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்னிடமும் வந்து, நீங்கள் தனியே இருந்து இதைப் பார்க்க வேண்டி வந்ததே அங்கிள் என்று வருத்தப்பட்டான். அவன் ஒரு தடவை கத்தியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மன்னித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"உங்கட அம்மா விட்டிட்டுப் போன ஒண்டு. அதை நான் கொண்டுட்டன். ஒவ்வொரு நாளும் உங்கட முகத்தைப் பாக்க என்னால ஏலாது."

அவன் ஒரு மாதம் வந்து வந்து வாசலில் நின்றான். அவள் கீழே இறங்கவில்லை. நான்தான் பதில் சொல்லி அனுப்பினேன், கதவை முழுக்கத் திறக்காமல். மருந்தகத்தில் மருந்து எண்ணும் வேலையிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னாளாம், தன் கையை நம்ப ஏலாது என்று. வீட்டில் அடுப்பை மூன்று தடவை பார்ப்பாள். முன்கதவைப் பூட்டிவிட்டுத் தெரு முனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். ஒரு கொக்கிக்கு இவ்வளவு ஆட்டமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவளே ஆறுவாள், எல்லாம் பழையபடி வரும், வந்து சாப்பிட்டு நோயாளிகளைப் பற்றிச் சொல்வாள் என்று பொறுத்திருந்தேன்.

ஒக்டோபரில் அவள் போய்விட்டாள். சுவர்ணா என்று கூட வேலை செய்த பெண், சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை, ஊருக்கு மறுபக்கத்தில் இருக்கிறாள். அவளோடு ஒரு அறையில். அங்கே பிராணிகள் வளர்க்க விடமாட்டார்களாம். மிளகை வாசலில் நின்று பார்த்தாள், தொடவில்லை. அதை நல்லாப் பாருங்கோ அப்பா, என்னட்டை விட்டால் அதுக்கும் ஏதும் நடக்கும் என்றாள். அதன் பிறகு ஞாயிறுகளில் தொலைபேசி. மூன்று நிமிடம்.

இப்போது பின்னறை என்னுடையது. கட்டில், கதிரை, மாதா, வெயில், எல்லாம் பழைய இடத்தில். மேலே இரண்டு அறையும் சும்மா கிடக்கின்றன. என் வாழ்க்கையில் இவ்வளவு இடம் எனக்கு இருந்ததில்லை. மிளகுதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. புல்லை இழுத்துப் போடுகிறது, கம்பியைப் பார்த்தபடி இருக்கிறது. நான் உள்ளே வந்தால் பின்னங்காலால் நிலத்தில் அடிக்கிறது. முயல் தனியே இருந்தால் அப்படியே ஒடுங்கிச் செத்துவிடும், துணை வேண்டும் என்று கையேட்டில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அதைத்தான் பிறின்சியிடம் சொன்னேன். இன்னொரு முயல் எடுக்கப் போகிறேன், இந்த முறை ஒழுங்காகப் பழக்கப் போகிறேன், வந்து பார் என்றேன். பிறகு, பாப்பம் அப்பா என்றாள். அது நல்ல அறிகுறி.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: புதிதாக வருவதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டப்படக்கூடியவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா? இல்லை என்று எழுதினேன். அந்த அம்மா கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள். இவர் பொறுமையான மனுசர், சொந்த அறையையே விட்டுக்கொடுத்தவர் என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

பிறின்சி உங்களைக் காண வந்தாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள். புது முயல் வந்ததும் அவள் வரட்டும், அவளுடைய அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை. இனிக் கொக்கியை நானே பார்த்துப் போடுவேன் என்று சொல்லுங்கள். அந்த விஷயத்தில் அவளுக்குக் கவனம் போதாது.

இப்படிக்கு,
கிறிஸ்துநாயகம்